விலங்கை மீண்டும் வாக்கியத்துக்குள் கொண்டுவருதல்: யாழ்ப்பாணத் தமிழில் உயிர்களைப் பற்றிப் பேசுவோருக்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக்கு விருந்தாகப் போகிறவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, "நீங்கள் சைவமோ, மச்சமோ?" என்பதுதான்; மரக்கறி உண்பவரா, மீன் இறைச்சி உண்பவரா என்பதே அதன் பொருள். கேட்பவர் அன்போடுதான் கேட்கிறார். எதைச் சமைப்பது, எந்தச் சட்டியை அடுப்பில் வைப்பது என்று அறிய அவருக்கு அது தேவைப்படுகிறது. ஆனால் அந்தக் கேள்வியிலும், அதற்கு நாம் வழக்கமாகச் சொல்லும் பதில்களிலும் ஓர் உயிர் எங்கும் வருவதில்லை. "இண்டைக்கு வெள்ளிக்கிழமை", "நல்லூர்க் கொடி ஏறியிட்டுது", "கந்தசஷ்டி விரதம்", "வீட்டில திவசம்" என்று நாளும் கோயிலும் விரதமும் பேசப்படுகின்றன. ஆடும் கோழியும் மீனும் பேச்சுக்கு வெளியே நின்றுவிடுகின்றன. புலாலை விடுவதற்கான சொற்கள் எம்மிடம் நிறைய இருந்தும், அவற்றில் பெரும்பாலானவை உண்பவரின் தூய்மையைச் சுற்றியே அமைந்திருப்பதால், விரதம் முடிந்த மறுநாள் சந்தைக்குப் போவதில் எமக்கு எந்த முரண்பாடும் தோன்றுவதில்லை.

விலங்குகள்மேல் அக்கறை கொண்டு அதைப் பற்றி வீட்டிலும் வகுப்பிலும் பத்திரிகையிலும் பேச விரும்புகிறவர்களுக்காகவும், பால், முட்டை, தேன் உட்பட விலங்கிலிருந்து வரும் எதையும் உண்ணாமல் இந்த மண்ணில் வாழ முயல்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். எந்தச் சொல் எந்த மனப்பான்மையை வளர்க்கிறது, எதை மாற்றலாம், எதைத் தொடாமல் விடுவது நல்லது என்பவற்றை என் அனுபவத்துக்கும் படிப்புக்கும் எட்டிய அளவில் கூறுகிறேன்.

வினைச்சொல்லிலிருந்து தொடங்குங்கள்

எமது பாடசாலைகளில் ஆரம்ப வகுப்புப் பிள்ளை எழுதும் முதற் கட்டுரைகளுள் ஒன்று பசுவைப் பற்றியது. "பசு ஒரு வீட்டு மிருகம். அதற்கு நான்கு கால்கள் உண்டு. அது எமக்குப் பால் தரும்." மூன்றாவது வாக்கியத்தைப் பிள்ளை வாழ்நாள் முழுவதும் மறப்பதில்லை. "தரும்" என்ற வினை, பசு விரும்பி எடுத்து நீட்டுகிறது என்றும், நாம் கையேந்தி வாங்கிக்கொள்கிறோம் என்றும் ஓர் எண்ணத்தை ஆழமாக ஊன்றிவிடுகிறது. கறத்தல் என்ற துல்லியமான வினை எம் மொழியில் இருக்கிறது. அதைச் சொன்னவுடன் கறப்பவர் ஒருவர் இருக்கிறார் என்பது தெரிந்துவிடும். கட்டுரையில் அந்த வினைக்கு இடம் கிடைப்பதில்லை.

மாடு வளர்த்த வீடுகளில் பிறந்தவர்களுக்கு நடப்பது நன்றாகவே தெரியும். பசு ஏறத்தாழ 280 நாள் சினை சுமந்து கன்று ஈன்ற பின்னரே பால் சுரக்கிறது. விடியற்காலையில் கன்றை அவிழ்த்துவிட்டால் அது ஓடிவந்து மடியை முட்டுகிறது. நாலு வாய் குடித்து, காம்புகளில் பால் இறங்கியதும், அதை இழுத்துத் தாயின் முன்காலுக்கு அருகே கட்டிவிட்டுச் செம்போடு குந்துகிறார் கறப்பவர். தாய் கன்றின் முதுகை நக்கிக்கொண்டே நிற்க, கயிறு எட்டும் வரை கழுத்தை நீட்டியபடி கன்று மடியையே பார்த்துக்கொண்டிருக்கும். கன்று இறந்துபோனால் அதன் தோலுக்குள் வைக்கோலை அடைத்துத் தாயின் முன்னே நிறுத்திக் கறந்த வழக்கமும் தமிழ் ஊர்களில் இருந்தது. அதற்கென்றே வைக்கோற்கன்று என்ற சொல்லும் உண்டு. நாகு, அதாவது பெண்கன்று, பிறந்தால் வீட்டில் ஒரு மகிழ்ச்சி. நாம்பன், அதாவது ஆண்கன்று, பிறந்தால் குரலில் ஓர் இறக்கம். உழவுக்கும் வண்டிக்கும் எருது தேவைப்பட்ட காலம் உழவு இயந்திரங்களோடு கழிந்துவிட்ட பிறகு அந்த நாம்பன் எங்கே போகிறது என்பதை ஊரில் எல்லோரும் அறிவர்; கட்டுரையில் எவரும் எழுதுவதில்லை.

ஆகவே ஆசிரியராகவோ பெற்றோராகவோ இருப்பவர் முதலில் செய்யக்கூடியது, அந்த ஒரு வாக்கியத்தைத் திருத்துவதுதான். "பசு தன் கன்றுக்காகப் பால் சுரக்கிறது; அதில் நாம் கறந்து எடுக்கிறோம்" என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். பால் குடிக்கிற பிள்ளையும் இதை எழுதலாம். எவரையும் குற்றம் சொல்லாத, வெறும் உண்மையைக் கூறும் வாக்கியம் அது. "கோழி முட்டை தரும்" என்பதையும் "கோழி முட்டை இடுகிறது, நாம் எடுக்கிறோம்" என்று மாற்றலாம். "ஆடு இறைச்சி தரும்" என்ற வாக்கியம் பயிற்சிக் கொப்பியில் வந்தால் அதைக் கட்டாயம் திருத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எந்த ஆடும் தன் இறைச்சியைத் தருவதில்லை, ஒருவர் ஆட்டைக் கொன்றே அதை எடுக்கிறார்.

பெரியவர்களின் பேச்சிலும் இவ்வாறு செய்பவர் மறைந்துபோகும் வினைகள் பல உண்டு. "மீன் பட்டது" என்கிறோம்; வலை விரித்தவரும் மூச்சுத் திணறிய மீனும் அந்த இரு சொற்களுக்குள் இல்லை. "பங்கு போட்டது" என்கிறோம். காலையில் வேலியோரம் கட்டியிருந்த ஆடு மத்தியானத்துக்குள் பனையோலையில் குவியல் குவியலாகப் பங்கிடப்பட்டதை அந்தச் சொல் ஒரு கணக்கு விவகாரமாக்கிவிடுகிறது. இவற்றைப் பேச்சிலிருந்து ஒழிக்க முடியாது. அப்படி முயல்வதும் பயனற்றது. நீங்கள் எழுதும்போதும் பேசும்போதும் யார், யாருக்கு, என்ன செய்தார் என்ற மூன்றும் வரும்படி வாக்கியத்தை முழுமையாக்கினால் போதும். அதே வேளையில் மறுபக்கம் சாய்ந்துவிடாதீர்கள். "கொன்றார்" என்ற வினை நடந்ததைக் கூறுகிறது. "கொலைகாரர்" என்ற பெயர் ஒரு மனிதரையே அடைத்துவிடுகிறது. குருநகரிலோ பாசையூரிலோ மயிலிட்டியிலோ கடலை நம்பிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் ஒருவரிடம் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு மீனைப் பற்றி மேலே ஒரு வார்த்தை பேச முடியாது, பேசவும் கூடாது.

எந்தப் பெயரால் சொல்வது

விலங்குப் பொருள் எதையும் உண்ணாதவர்களுக்கு ஆங்கிலத்தில் உள்ள "வீகன்" என்ற சொல் 1944 நவம்பரில் இங்கிலாந்தில், டொனால்ட் வாற்சனும் அவரோடு சேர்ந்த சிலரும் ஒரு சங்கம் தொடங்கியபோது உருவானது. புலால் உண்ணாத, ஆனால் பாலும் முட்டையும் உண்ட மரக்கறி உணவாளர்களிடமிருந்து தம்மை வேறுபடுத்திக் காட்ட அவர்களுக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. எமக்கும் அதே தேவை இருக்கிறது. ஆனால் இங்கே சிக்கல் வேறு விதமானது.

அண்மைக் காலத்தில் தமிழில் சிலர் "நனிசைவம்" என்று எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் சைவம் என்றால் உணவு என்ற பொருளே முன்னால் வருவதால் அது அங்கே பொருந்தக்கூடும். யாழ்ப்பாணத்தில் சைவம் என்பது முதலில் சமயம். பாடசாலையில் சைவசமயம் ஒரு பாடம். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் ஒருவர் "நான் நனிசைவம்" என்று சொன்னால் வீட்டில் முதலில் எழும் கேள்வி உணவைப் பற்றியதாக இருக்காது. சோனகத் தெருவில் வாழும் முஸ்லிம் ஒருவருக்கும் அவ்வாறே. இன்னொரு கடினமான உண்மையும் உண்டு. சைவம் என்ற சொல் பாலை ஏற்கனவே தன்னுள் வைத்திருக்கிறது. பாலாபிஷேகமும் நெய்விளக்கும் தயிர்ச்சாதமும் அதன் மங்கலங்கள். அந்தச் சொல்லையே நீட்டி, பாலை விலக்கும் ஒரு வாழ்க்கைக்குப் பெயராக வைப்பது கேட்பவரைக் குழப்புகிறது.

"சுத்த சைவம்" என்ற தொடரைப் பற்றி நான் இன்னும் கண்டிப்பாகவே இருப்பேன். ஒருவர் சுத்தம் என்றால் பக்கத்தில் இருப்பவர் அசுத்தம் என்பது சொல்லாமலே விளங்கும். சுத்தம், தீட்டு, துடக்கு என்ற சொற்களால் கோயில் வாசலிலும் தேநீர்க் கடையிலும் மனிதர்கள் தடுத்து நிறுத்தப்பட்ட ஊர் இது; 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் முன்றிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்ததை நினைவில் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. புலால் உண்ணாமை சாதிப் பெருமையின் அடையாளமாகப் பேசப்படுவதைக் கேட்டு வளர்ந்தவருக்கு, அதே சொல்லில் ஆட்டின் வேதனையைச் சொன்னால் கேட்காது. அவர் காதில் விழுவது பழைய அவமதிப்பு மட்டும்தான்.

நான் பரிந்துரைப்பது, எம்மிடம் ஏற்கனவே இருக்கும் "மரக்கறிச் சாப்பாடு" என்பதைத்தான். அது சமயத்தையும் சாதியையும் சாராதது. எந்த வீட்டிலும் கடையிலும் உடனே விளங்கும். அதோடு "பால், முட்டை, தேனும் எடுக்கிறேல்லை" என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்துவிட்டால் எந்தப் புதுச் சொல்லும் தேவைப்படாது. இளைஞரிடையே வீகன் என்று சொல்வதில் தவறில்லை. கத்தோலிக்க வீடுகளில் இறைச்சியை விலக்கும் தபசு காலத்துச் சுத்தபோசனத்தை நினைவூட்டலாம்; ஆனால் அந்த நாட்களில் மீன் அனுமதிக்கப்படுவதால், நீங்கள் சொல்வது அதையும் கடந்தது என்பதைத் தெளிவாகக் கூறுங்கள்.

விலங்கைப் பற்றியே நேராகப் பேசும் சொற்கள் எம் மரபில் இல்லாமலும் இல்லை. திருக்குறளின் 26 ஆம் அதிகாரம் புலால் மறுத்தல். 33 ஆம் அதிகாரம் கொல்லாமை. புலால் என்பது "பிறிதொன்றன் புண்" என்று வள்ளுவர் 257 ஆம் குறளில் கூறும்போது, உண்பவரின் விரதமோ நாளோ அங்கே பேசப்படவில்லை. காயப்பட்ட ஓர் உடம்பு எம் முன் நிற்கிறது. எல்லாச் சமயப் பிள்ளைகளும் பாடசாலையில் படிக்கும் நூல் அது என்பதால், யாழ்ப்பாணத்தில் இந்த உரையாடலைத் தொடங்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. சைவ வீடுகளில் பேசும்போது 1822 இல் நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் தம் நான்காம் பாலபாடத்தில் கொலைக்கும் புலாலுண்ணலுக்கும் தனித்தனிப் பாடங்கள் வைத்ததை எடுத்துச் சொல்லலாம். சைவசித்தாந்தம் உயிரையே "பசு" என்று அழைப்பதையும், காலைப் பிரார்த்தனையில் பிள்ளைகள் பாடும் சிவபுராணம் புல்லும் பூடும் புழுவும் மரமும் பல்விருகமும் பறவையும் பாம்பும் நாமே எடுத்துக் களைத்த பிறப்புகள் என்று சொல்வதையும் நினைவூட்டலாம். வெள்ளிக்கிழமைக்கு மட்டும் உரிய கருத்தாக அவை எங்கும் கூறப்படவில்லை.

அஃறிணையோடு போராட வேண்டாம்

மக்களை உயர்திணை என்றும், அவரல்லாத பிறவற்றை அஃறிணை என்றும் தொல்காப்பியம் கிளவியாக்கத்தின் முதல் நூற்பாவிலேயே பிரித்துவிடுகிறது. பசுவும் பாறாங்கல்லும் இலக்கணத்தில் ஒரே "அது" ஆகிவிடுகின்றன. இதனால் தமிழரின் மனம் விலங்கைப் பொருளாகவே பார்க்கப் பழகிவிட்டது என்று சிலர் சொல்வதை நான் முழுதாக ஏற்பதில்லை. அதே தொல்காப்பியம் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வரிசைப்படுத்தி, புல்லுக்கும் மரத்துக்கும்கூட ஓர் அறிவைக் கொடுக்கிறது. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று இளமைக்கு ஒன்பது பெயர்களை அடுக்குகிறது. அணிலையும் கீரியையும் கிளியையும் பிள்ளை என்று அழைக்கும் மொழி இது. வீட்டு நாயைப் பற்றி யாழ்ப்பாணத்து அம்மம்மா "அவர் இன்னும் சாப்பிடேல்லை, கோவத்தில படுத்திருக்கிறார்" என்று சொல்வதை நாம் தினமும் கேட்கிறோம். திணை மயங்கியதாக எவரும் திருத்துவதில்லை.

எனவே எழுத்தில் "அது" என்பதை "அவன்" என்றோ "அவள்" என்றோ மாற்றி வாசகரை உறுத்த வேண்டியதில்லை. அதைவிடப் பயனுள்ள வழி, அந்த விலங்கை எவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு துல்லியமாகச் சொல்வது. "மாடு" என்பதைவிட "முதற்கன்று ஈன்ற நாகு" என்பது ஓர் உயிரைக் கண் முன் நிறுத்துகிறது. "கோழி" என்பதைவிட "ஆறு வாரக் குஞ்சு" என்று சொல்லிப் பாருங்கள். புறொயிலர் கோழிகள் பெரும்பாலும் ஐந்து, ஆறு வார வயதிலேயே வெட்டப்படுகின்றன. முற்றத்தில் திரியும் ஊர்க்கோழி பல ஆண்டுகள் வாழக்கூடியது என்பதை அறிந்த எங்களுக்கு அந்த வயது உடனே உறைக்கும்.

செய்தி எழுதுவோருக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. 2022 டிசம்பரில் மண்டூஸ் புயலோடு வந்த கடுங்குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் இறந்தன. அத்தகைய வேளைகளில் "கால்நடை இழப்பு", "பண்ணையாளருக்கு நட்டம்" என்று மட்டும் எழுதினால், வெட்டவெளியில் ஒண்ட இடமின்றி விறைத்துச் செத்த உயிர்கள் செய்தியில் இல்லாமல் போகின்றன. பண்ணையாளரின் நட்டம் உண்மையானது, அதையும் எழுதத்தான் வேண்டும். கூடவே எத்தனை உயிர்கள், எப்படி இறந்தன, ஏன் கொட்டில் இல்லாமல் நின்றன என்பதையும் எழுதுங்கள். கட்டாக்காலி என்ற சொல்லும் இவ்வாறே கவனத்துக்குரியது. பிரதேச சபை அறிவித்தலில் "கட்டாக்காலி மாடுகள்" என்று வரும்போது, குற்றம் மாட்டின்மேல் விழுகிறது. கறவை நின்றதும் தெருவில் விட்ட உரிமையாளர் தப்பிக்கொள்கிறார். சட்டத்தின் சொற்களும் இப்படி எல்லை போடுவதுண்டு: 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க மிருகவதைத் தடைச் சட்டம், வீட்டில் வளர்க்கப்படும் அல்லது பிடித்துவைக்கப்பட்ட விலங்கையே "விலங்கு" என்று வரையறுத்தது. தெருவில் பிறந்து தெருவில் வாழும் நாயை எந்தப் பெயரால் அழைப்பது என்பது, அதற்கு நீதி கிடைக்குமா என்பதையும் பாதிக்கிறது.

ஆங்கிலத்திலிருந்து வரும் வாதங்களைச் சோதித்து எடுங்கள்

இந்த விடயத்தில் எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருப்பதால், அங்குள்ள வாதங்களை அப்படியே தமிழில் சொல்லும் பழக்கம் எம் இளைஞரிடம் இருக்கிறது. அவற்றில் சில இங்கே பொருந்துவதே இல்லை. ஆங்கிலத்தில் தொழுவத்தில் நிற்கும் மாட்டுக்கு ஒரு பெயரும் தட்டில் கிடக்கும் அதன் இறைச்சிக்கு இன்னொரு பெயரும் உண்டு. 2016 இல் ஒஸ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்களான யோனாஸ் குன்ஸ்ட், சிக்ரிட் ஹோலே ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், உணவுப் பட்டியலில் "பீஃப்", "போர்க்" என்பவற்றுக்குப் பதிலாக மாடு, பன்றி என்று விலங்கின் பெயரையே இட்டபோது, வாசித்தவர்களின் இரக்கம் கூடி, உண்ணும் விருப்பம் குறைந்தது. ஆனால் நாம் ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, கோழிக்கறி என்று விலங்கைப் பெயரோடு சேர்த்தே காலம் காலமாகச் சொல்லி, உண்டும் வருகிறோம். எம்மிடம் அந்த மறைப்பைச் செய்வது "மச்சம்" என்ற பொதுச்சொல்தான். மீனைக் குறித்த வடசொல் ஒன்று ஆடு, கோழி, நண்டு, கணவாய் அனைத்தையும் ஒரே பெயருக்குள் போட்டு மூடிவிட்டது. பேக்கரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் "மட்டன் ரோல்", கடைப் பலகையில் உள்ள "சிக்கன் பிரைட் ரைஸ்" ஆகியவை அதன் மேல் போடப்பட்ட இரண்டாவது மூடி. "ஆட்டிறைச்சி ரோல் ஒண்டு தாங்கோ" என்று கேட்டுப் பார்த்தால், கேட்பவருக்கே அந்தப் பெயர் சற்றுக் கனமாகப் படும். மச்சம் என்று சொல்ல வருமிடத்தில் மீன் என்றோ ஆடு என்றோ கோழி என்றோ பிரித்துச் சொல்வது சிறிய பழக்கம், எவரையும் நோகடிக்காதது.

2018 இல் பீட்டா அமைப்பு, விலங்கைத் துன்புறுத்தும் ஆங்கில மரபுத்தொடர்களை மாற்றச் சொல்லி ஒரு பட்டியல் வெளியிட்டது. ஒரே கல்லால் இரு பறவைகளைக் கொல்வது அதில் முதன்மையானது. நாங்கள் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிப்பவர்கள். எங்களுக்கு அந்தத் திருத்தம் தேவையில்லை. எங்களுக்குத் தேவையான திருத்தம் வேறிடத்தில் இருக்கிறது. "அடியாத மாடு படியாது" என்ற பழமொழி மாட்டுக்கு விழும் அடியையும் பிள்ளைக்கு விழும் அடியையும் ஒரே மூச்சில் நியாயப்படுத்துகிறது. அதைச் சொல்வதை நிறுத்தலாம். பிறர் சொல்லும்போது ஏன் அடிக்க வேண்டும் என்று கேட்கலாம். மாறாக "வாயில்லாச் சீவன்" என்ற தொடரைக் கைவிடாதீர்கள். படிக்காதவரும் படித்தவரும் ஒரே கனிவோடு சொல்லும் சொல் அது. நாய்க்குக் கல்லெறியும் சிறுவனை ஓர் ஆச்சி அந்த இரண்டு சொற்களாலேயே நிறுத்திவிடுவாள்.

பால் என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சோயா முதலியவற்றின் சாற்றைப் பால் என்று பெயரிட்டு விற்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. வழக்கத்தில் நிலைத்துவிட்ட தேங்காய்ப்பால் போன்ற சில பெயர்களுக்கு மட்டும் அங்கே விலக்கு உண்டு. எங்கள் அடுக்களையில் முதற்பாலும் இரண்டாம் பாலும் தேங்காயிலிருந்தே வருகின்றன. பாற்கறி என்றால் எவரும் பசுவை நினைப்பதில்லை. சோயா மீற் என்ற பெயரும் கடைக்குக் கடை தொங்குகிறது. இந்தப் பெயர்ச் சண்டையை நாம் இறக்குமதி செய்யத் தேவையில்லை.

வேள்வி, பலி, பசுவதை

யாழ்ப்பாணத்தில் விலங்கைப் பற்றிய மிகக் கூர்மையான சொற்போர் சில வைரவர், அம்மன் கோயில்களில் கிடாய் வெட்டுவதைச் சுற்றியே நடந்திருக்கிறது. அதை நடத்துபவர்கள் வேள்வி என்கிறார்கள். எதிர்ப்பவர்கள் மிருகபலி என்கிறார்கள். முதற் சொல்லில் நேர்த்தியும் பரம்பரையும் முன்னால் வருகின்றன. இரண்டாவதில் கிடாய் வருகிறது. 2017 இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் ஆலயங்களில் மிருகபலிக்குத் தடை விதித்துத் தீர்ப்பளித்தபோது இரு தரப்பும் தத்தம் சொல்லிலேயே வாதிட்டன. இதைப் பற்றி எழுதும்போது இரண்டையும் தவிர்த்து, "கோயிலில் கிடாய்களை வெட்டுதல்" என்று எழுதுங்கள். வாசகர் தீர்மானிக்கட்டும். கோயிலில் வெட்டுவதை மட்டும் காட்டுமிராண்டித்தனம் என்று சொல்லிவிட்டு, இறைச்சிக் கடையில் அதே கிடாய்க்கு நேர்வதைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தால், எதிர்ப்பு அந்தச் சனத்தின்மேல்தான் என்று அவர்கள் நினைப்பதில் நியாயம் உண்டு.

பசுவதை என்ற சொல்லை நான் பயன்படுத்துவதே இல்லை. பசுவின் துன்பம் சிறியது என்பதால் அல்ல. அந்தச் சொல் பெரும்பாலும் முஸ்லிம்களை நோக்கி எறியப்படுகிறது. ஆட்டுக்கும் கோழிக்கும் மீனுக்கும் அதே குரல் எழுவதில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முழுதாக வெளியேற்றப்பட்டு, நீண்ட காலத்துக்குப் பிறகு திரும்பிவந்த சமூகம் அது. விலங்குக்காகப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு அவர்களை மீண்டும் அந்நியராக்கும் எந்தச் சொல்லும் எனக்கு வேண்டாம்.

போரின் சொற்களைக் கடன் வாங்காதீர்கள்

இறைச்சிக்கூடங்களைப் பற்றிப் பேசும்போது படுகொலை, வதைமுகாம் முதலிய சொற்களை வெளிநாட்டு இயக்கங்கள் பயன்படுத்துவதுண்டு. யாழ்ப்பாணத்தில் அதைச் செய்யாதீர்கள். "ஆடு மாடு மாதிரி அடைச்சு வைச்சிருந்தவை" என்று தம் வாழ்க்கையையே சொன்ன மனிதர்கள் உங்கள் எதிரே அமர்ந்திருக்கிறார்கள். விலங்கோடு ஒப்பிடப்பட்டதன் வலி அவர்களுக்கு இன்னும் ஆறவில்லை. அவர்களுடைய சொல்லை எடுத்து விலங்குக்குச் சூட்டினால், அவர்களின் இழப்பைச் சிறிதாக்கியதாகவே அது கேட்கும்.

அவர்களிடம் கேட்பதற்கு வேறொன்று இருக்கிறது. 1995 ஒக்டோபர் 30 இரவு போரினால் இடம்பெயர்ந்து வலிகாமத்தை விட்டு மழைக்குள் நடந்தவர்களிடம், வீட்டில் நின்ற மாட்டை என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். கயிற்றை அறுத்துவிட்டோம், வாளியில் தண்ணி நிறைத்து வைத்தோம், நாய் சந்தி வரைக்கும் பின்னால் வந்தது என்று சொல்லத் தொடங்குவார்கள். இந்த உரையாடலில் நீங்கள் எதையும் கற்பிக்கத் தேவையில்லை; அவர்களைப் பேச விட்டுக் கேட்டுக்கொண்டிருங்கள்.

சாப்பாட்டு மேசையில்

இனி நடைமுறைக்கு வருவோம். உணவை மறுக்கும்போது பலரும் சொல்வது "எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்பது. அது உடனடிச் சங்கடத்தைத் தீர்க்கும். ஆனால் அடுத்த முறை மாமி மருந்தும் சேர்த்துத் தருவார். "நான் சாப்பிடுறேல்லை மாமி, அதுகளைக் கொல்லுறது எனக்கு மனம் பொறுக்குதில்லை" என்று ஒருமுறை அமைதியாகச் சொல்லிவிட்டால் போதும். விரிவுரை வேண்டாம். "அப்ப பால் குடிக்கலாம்தானே, அது கொல்லுறேல்லையே?" என்று அடுத்த கேள்வி நிச்சயம் வரும். அப்போது கன்றையும் நாம்பனையும் பற்றி இரண்டு வாக்கியம் சொல்லுங்கள். மாடு வளர்த்தவர்களுக்கு மூன்றாவது வாக்கியம் தேவைப்படாது.

எதைக் கேட்டு உண்பது என்பதில் சோம்பல் கூடாது. "மச்சம் போட்டதோ?" என்று பொதுவாகக் கேட்டால் "இல்லை" என்றே பதில் வரும், ஏனெனில் மாசிக் கருவாட்டையும் கூனி இறாலையும் சமைப்பவர் வாசனைச் சரக்காகவே நினைக்கிறார். "சம்பலுக்கு மாசி இடிச்சுப் போட்டனீங்களோ?", "கூழுக்குக் கூனி போட்டதோ?", "பருப்புக்கு நெய் விட்டனீங்களோ?", "பாயாசத்துக்குத் தேங்காய்ப்பாலோ, மாட்டுப்பாலோ?" என்று பொருளின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். சொதியில் மீன் போடும் வீடுகளும் உண்டு என்பதால் அதையும் கேட்க வேண்டும்.

சமைத்துக் கொடுக்கும் முறை உங்களுக்கு வரும்போது புதுமை காட்ட முயலாமல் ஊரின் பழைய சாப்பாட்டையே வையுங்கள். அரிசிமாவும் வறுத்த பயறும் பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த ஆடிக்கூழில் விலங்குப் பொருள் எதுவும் இல்லை. ஒடியற்பிட்டு, குரக்கன் பிட்டு, இடியப்பம், கத்தரிக்காய்ப் பாற்கறி, பலாக்கொட்டைக் கறி, முருங்கையிலைச் சுண்டல், பினாட்டு என்று வரிசை நீளும். மீனும் நண்டும் இல்லாமல் மரவள்ளியும் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் போட்டு ஒடியற்கூழ் காய்ச்சுவோரும் ஊரில் உண்டு. இவற்றுக்குப் புதிய பெயர் சூட்டி அறிமுகப்படுத்தினால் "இது என்ன வெளிநாட்டுச் சாப்பாடோ?" என்று தள்ளிவைப்பார்கள், பழைய பெயரோடு வைத்தால் இன்னொரு கோப்பை கேட்பார்கள்.

கலியாண வீட்டிலோ கூட்டத்திலோ சாப்பாட்டுக்குப் பெயரட்டை எழுதும் வேலை கையில் கிடைத்தால் அதை விடாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். சைவம், மச்சம் என்று இரண்டு அட்டை வைப்பதற்குப் பதிலாக ஒவ்வொரு சட்டிக்கும் முன்னால் உள்ளே இருப்பதையே எழுதுங்கள்: "ஆட்டிறைச்சிக் கறி", "சுறா வறை", "கத்தரிக்காய், தேங்காய்ப்பால்", "பருப்பு, நெய் சேர்த்தது", "பூசணி, நெய் சேர்க்காதது". பெரிய எழுத்தில், வயதானவர்களும் கண்ணாடி இல்லாமல் வாசிக்கும்படி எழுதுங்கள்.